வெள்ளைக் கை

கீழ்வீட்டுச் சலவைக் கடையில் கைகளுக்கு ஒரு பாகப்பிரிவினை உண்டு. வருகிற அழுக்குத் துணியைத் தொடுவது அழுக்குக் கை. வெளுத்த துணியைத் தொடுவது வெள்ளைக் கை. அழுக்குக் கை வெளுத்த துணிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. வெள்ளைக் கையை ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கடைக்காரர் அழுக்குக் கை, அவர் மனைவி வெள்ளைக் கை. கடைக்காரரின் அக்கா இஸ்திரி போடுகிறவள் என்பதால் அவளும் வெள்ளைக் கையில்தான் சேர்த்தி. அவள் வாயை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்றுதான் எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

நான் அந்தக் கடைக்கு மேலே மாடி அறையில் ஏழு வருஷம் குடியிருந்தேன். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மொட்டைமாடி முழுக்க அவர்களுடைய கொடிக்கயிறுகள்தான். ஈரப் படுக்கைவிரிப்பு முகத்தில் அறையாமல் நான் என் அறைக்குள் போன நாள் குறைவு. சண்டை போடுவதென்று முடிவெடுத்து இறங்கி வருவேன். அக்கா ஒரு டம்ளர் டீயைக் கையில் திணித்து, "உக்காருங்க மாடி சார், கோபத்தை அப்புறம் படலாம்" என்பாள். அந்த வீட்டில் என் பெயர் மாடி சார்தான்.

கடைக்காரரின் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். துணி உள்ளே வந்ததும் முதல் வேலை குறி போடுவது. யாருடைய துணி என்று தெரிவதற்காக உள்பக்க ஓரத்தில் சின்னதாக இரண்டு எழுத்து, ஒரு கோடு. அதற்கென்று ஒரு மை இருக்கிறது. கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் போகாது. துணியை இடதுகை ஆள்காட்டி விரல்மேல் இழுத்து வைத்துக்கொண்டு மெல்லிய குச்சியால் எழுதுவார். துணியைத் தாண்டி ஊறுகிற மையெல்லாம் அந்த விரலுக்குத்தான். இருபது வருஷமாக அந்த நகமும் நகக்கண்ணும் கன்னங்கரேலென்று இருந்தன.

வட்டாரத் தேர்தல் நடந்த அன்று காலையிலிருந்தே தூறல். பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து நான்கு மூட்டை வந்திருந்தது. கடைக்கு வருகிற துணியில் முக்கால்வாசி அந்த ஆஸ்பத்திரியுடையதுதான். விரிப்பு, தலையணை உறை, நர்சுகளின் அங்கி, குழந்தையைச் சுற்றுகிற துண்டு, எல்லாம் வெள்ளை. மற்றவர்களின் சட்டையும் பாவாடையும் கொசுறு மாதிரி.

மத்தியானம், முதல் சுற்றுத் துணி இயந்திரத்தில் சுழன்றுகொண்டிருந்தபோது மனைவி கையைத் துடைத்துக்கொண்டு, "என்னங்க, நான் போய் ஓட்டுப் போட்டுட்டு வந்துடறேன். நீங்களும் வாங்க, ஒரே எட்டு" என்றாள்.

"எவன் வந்தாலும் எனக்கு அழுக்குத் துணிதான் வரப்போகுது" என்றார் கடைக்காரர். "நீ போ. ரெண்டு பேரும் போனா மெஷினை யாரு பார்க்கறது? மாடி சாரா?"

எனக்கு அன்று விடுமுறை. சாப்பிட்டுவிட்டு ஒரு குட்டித் தூக்கம் போடலாமென்று படியேறிக்கொண்டிருந்தேன். "என்னை ஏன் இழுக்கறீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தேன். எழுந்தபோது மணி ஆறு. வாக்குச்சாவடி மூடியிருந்தது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்வதற்கு வெட்கமாக இருக்கும்.

அவள் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று போட்டுவிட்டு வந்தாள். வாசலிலேயே இடதுகை விரலைத் தூக்கிக் காட்டினாளாம். கல்யாணமான பிறகு அவள் தனக்கென்று வரிசையில் நின்றது அன்றுதான் என்று அக்கா பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

"அய்யய்ய, இந்தக் கையோட ஆஸ்பத்திரி விரிப்பைத் தொடப்போறியா?" என்று அக்கா கேட்டாள். "ஈர மை. நாலு மூட்டையும் நாசமாயிடும்."

"காஞ்சிடுச்சு அண்ணி."

"காஞ்சதும் ஊறினா விடும். இவன் விரலைப் பார்த்துட்டே இருக்கோமே, தெரியாதா?"

கடைக்காரர் உடனே அலமாரியிலிருந்து தன் சின்ன பாட்டிலை எடுத்தார். ரத்தம், மை, துரு என்று எல்லாக் கறைக்கும் அவரிடம் ஒரு பாட்டில் உண்டு. மனைவியின் விரலைப் பிடித்துப் பஞ்சால் தேய்த்தார். பழையதாயிருந்தால் போயிருக்காது. வைத்து அரைமணி நேரம்கூட ஆகாத மை, சாம்பலாகி, பழுப்பாகி, அப்புறம் இல்லாமலே போய்விட்டது.

"இப்பதாங்க வெச்சாங்க" என்றாள் அவள். "ராத்திரி வரைக்குமாவது இருந்திருக்கலாம்."

"நீ போட்டது பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு. விரல்ல என்ன இருக்கு?" என்று சிரித்துக்கொண்டே பாட்டிலை மூடினார்.

அவள் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு விரிப்புகளை அலசப் போனாள்.

மறுநாள் முடிவு வந்தது. டயர்க் கடைக்காரர் முப்பத்தோரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். ஆள் மோசமில்லை. பஞ்சரான வண்டியோடு யார் வந்து நின்றாலும் நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார். புதுக் குடியிருப்புக்குக் காலைத் தண்ணீர் தருவதாகப் பிரசாரத்தில் தெருத்தெருவாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் தெருவிலும் அதே ஒலிபெருக்கி போயிருக்கிறது. அவர்களுக்குக் காலையில் வந்தால் நமக்கு எப்போது வரும் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. புதுக் குடியிருப்பில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க்கூட ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். எங்கள் தெருவில் பாதி வீடு போகவில்லை.

அவர் பதவியேற்ற மூன்றாம் நாள் தெருமுனை வால்வைத் திருப்பிவிட்டார்கள். காலை ஐந்து மணிக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் மத்தியானம் ஒரு மணிக்கு வர ஆரம்பித்தது.

மற்ற வீடுகளில் குடத்தை நிரப்பி வைத்துச் சமாளித்துக்கொண்டார்கள். சலவைக் கடை குடத்தில் நடக்காது. ஐந்து மணிக்குத் தண்ணீர் வந்தால் ஊறவைத்து, வெளுத்து, மூன்று தண்ணீர் அலசி, நீலம் போட்டு, ஒன்பது மணிக்குக் கொடியில் ஏற்றிவிடலாம். மழைக்காலத்தில் வெயில் என்று ஒன்று வருவதே பத்திலிருந்து மூன்று மணிவரைதான். ஒரு மணிக்குத் தண்ணீர் பிடித்தால் துணி கொடி ஏறும்போது மேகம் வந்துவிடும். விரிப்புகள் ராத்திரி முழுக்க என் அறை வாசலிலும் படிக்கட்டிலும் ஈரம் காயாமல் தொங்கின. அக்கா இஸ்திரிப் பெட்டியாலேயே காயவைக்கப் பார்த்தாள். ஆவி கிளம்பி அவள் முகம் சிவந்து கை வெந்து போனதுதான் மிச்சம். துணியிலிருந்து ஒரு முக்கல் வாடை வர ஆரம்பித்தது.

தண்ணீர் நேரம் மாறிய நான்காம் நாள் ஆஸ்பத்திரியின் தலைமை நர்சம்மா நேரிலேயே வந்துவிட்டார். ஒரு குழந்தைத் துண்டை மடிப்பு விரித்து முகர்ந்து பார்க்கும்படி கடைக்காரரிடம் நீட்டினார். "பொறந்த பிள்ளைய இதுலயா சுத்தச் சொல்றீங்க? உங்களைக் குத்தம் சொல்லல. ஆனா அடுத்த வாரமும் இப்படித்தான்னா நான் வேற இடம் பார்க்கணும்."

அவர் போன பிறகு கடைக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். ஆஸ்பத்திரித் துணி போனால் அங்கே இரண்டு பேருக்கு மேல் வேலை கிடையாது. மூன்றாவது ஆள் யார் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அக்கா தானாகவே, "சின்னவன் வீட்ல ஒரு மூலை காலியாத்தான் இருக்கு" என்றாள். சின்னவன் அவளுடைய இன்னொரு தம்பி. அவன் வீட்டில் அவள் முன்பு எட்டு மாதம் இருந்திருக்கிறாள். அந்த எட்டு மாதத்தைப் பற்றி மட்டும் அவள் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

"எங்கயும் போக வேணாம்" என்றார் கடைக்காரர். பிறகு அரசாங்கத்தைத் திட்ட ஆரம்பித்தார். அவருக்குத் திட்டவும் தெரியும். டயரில் ஆரம்பித்து வால்வு வழியாக, நாட்டை ஆளுகிற அத்தனை பேரையும் ஒரே கொடியில் தொங்கவிட்டார்.

மனைவி துண்டுகளைத் திரும்ப ஊறப்போட்டுக்கொண்டே சொன்னாள்: "போதுங்க. நீங்க ஓட்டே போடல."

"அதுக்கு?"

"அதான் சொல்றேன். போடல."

"போடலன்னா வாயைத் தைச்சுக்கணுமா? போடாதவன் குழாய்ல மட்டுமா தண்ணி நின்னு போச்சு?"

"கூப்பிட்டப்ப வரல. இப்ப கத்தறீங்க. கேக்கறவங்க சிரிப்பாங்க."

"நல்லாக் கேளு" என்றாள் அக்கா இஸ்திரி மேஜையிலிருந்து. "கூப்பிடாத கல்யாணத்துல சாப்பாடு சரியில்லன்னு சொன்னானாம் ஒருத்தன். இவன் கூப்பிட்ட கல்யாணத்துக்கே போகாம சொல்றான்."

"நீ போட்டியாக்கா?"

"என் பேரு இன்னும் பழைய வீட்டு விலாசத்துலயே கிடக்கு. மாத்தித் தாடான்னு உன்கிட்ட எத்தனை தடவை சொன்னேன்?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் டீ டம்ளருக்குள் பார்த்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் வட்டார அலுவலகத்தில் குறை கேட்கும் கூட்டம். பழைய கிடங்கு ஒன்றில் நாற்காலி போட்டிருந்தார்கள். தகரக் கூரையில் மழை தட்டிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவே திரண்டு வந்திருந்தது, ஓட்டுப் போட வராதவர்கள் உட்பட. தேர்தலாகிப் பன்னிரண்டு நாள். போட்டவர்கள் விரலில் மை இன்னும் அழியவில்லை.

டயர்க் கடைக்காரர் எழுந்து நின்று கைகூப்பினார். புதுச் சட்டை. "எல்லாரும் பேசலாம்" என்று ஆரம்பித்தவர், கூட்டத்தைப் பார்த்துக் கொஞ்சம் உற்சாகமாகி, "ஆனா ஒண்ணு. ஓட்டுப் போட்டவங்க கேளுங்க, நான் பதில் சொல்றேன். போடாம வீட்ல படுத்திருந்தவங்களுக்கு இங்க என்ன வேலை? விரலைக் காட்டிட்டுப் பேசுங்க" என்றார்.

கைதட்டல் பலமாக எழுந்தது. நான் இடதுகையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன். சுற்றிப் பார்த்தால் நிறையப் பேருக்குத் திடீரென்று குளிர் எடுத்திருந்தது.

முதலில் எழுந்தது கடைக்காரரின் மனைவி. சொல்ல வேண்டியதை வீட்டிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். "அய்யா, நாங்க தெருமுனைச் சலவைக் கடை. காலைத் தண்ணி..."

"விரலு, விரலு" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

அவள் கையைத் தூக்கினாள். அந்தக் கிடங்கிலேயே அதைவிடச் சுத்தமான கை இருந்திருக்காது. சோப்பிலும் தண்ணீரிலும் ஊறி வெளிறிப்போன விரல்கள், பாத்திரம் துலக்கின மாதிரி நகங்கள்.

சிரிப்பு கிளம்பியது. "ஓட்டுப் போட நேரமில்ல, குறை சொல்ல நேரமிருக்கா?" என்றது ஒரு குரல்.

"நான் போட்டேன்" என்றாள்.

"மை எங்கம்மா?" என்று எழுத்தர் கேட்டார். மேஜையோரம் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தவர்.

"அழிச்சாச்சு. வெள்ளைத் துணி தொடுற கை..."

இன்னும் பெரிய சிரிப்பு. அவள் கழுத்து வரைக்கும் சிவந்துவிட்டது. கையை இறக்கவும் இல்லை, பேசவும் முடியவில்லை. எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கவே பிடிக்கவில்லை, ஆனாலும் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் நின்ற கடைக்காரர், "அவ சொல்றதைக் கேளுங்க" என்று கையை நீட்டினார். எழுத்தர் அந்தக் கையைப் பார்த்தார். "இதோ, வீட்டுக்காரர் போட்டிருக்காரே. சார், நீங்க பேசுங்க."

கடைக்காரர் தன் விரலைத் தானே ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அப்புறம் பேசினார். நன்றாகவே பேசினார். ஐந்து மணித் தண்ணீர், வெயில், முக்கல் வாடை, குழந்தைத் துண்டு, நர்சம்மா, எல்லாம் அவள் மனப்பாடம் செய்திருந்த அதே வரிசையில் வந்தன. சிரித்தவர்கள் தலையாட்டினார்கள். "எழுதிக்கப்பா" என்றார் டயர்க் கடைக்காரர் எழுத்தரிடம். "நியாயமாத்தான் இருக்கு. வால்வுக்காரர்கிட்ட நாளைக்கே பேசறேன்."

காரியம் முடிந்துவிட்டது. அத்தோடு அவர் விட்டிருந்தால் எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்போம். ஆனால் அவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "இவரைப் பாருங்க. கை ஒழியாத வேலைக்கு நடுவுல போய் நின்னு போட்டிருக்கார். அம்மா, அடுத்த தடவை வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்துக்கோங்க" என்றார்.

கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அய்யா, அடிச்சிடுங்க" என்றார் கடைக்காரர்.

"என்னது?"

"எழுதினதை அடிச்சிடுங்க. இது ஓட்டு மை இல்ல. துணிக்குக் குறி போடுற மை. இருபது வருஷமா இருக்கு. நான் அன்னிக்குப் போகல. அவதான் ரெண்டு மணி நேரம் நின்னு போட்டுட்டு வந்தா. வந்த விரலை நான்தான் தேய்ச்சுக் கழுவினேன்." கொஞ்சம் நிறுத்தி, "அவ ராத்திரி வரைக்குமாவது இருக்கட்டும்னா" என்றார்.

 எழுத்தர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டயர்க் கடைக்காரரைப் பார்த்தார். "என்ன சார் செய்ய? ரெண்டு பேர்ல யார் சொன்னதையும் எழுத முடியாது போலிருக்கே."

அப்போதுதான் அவள் பேசினாள். மனப்பாடம் செய்ததை அல்ல.

"ஏன் எழுத முடியாது? சாவடிப் பட்டியல்ல என் பேருக்கு நேரா கையெழுத்துப் போட்டிருக்கேன். வேணும்னா பார்த்துக்கோங்க. ஆனா அதைப் பார்த்துட்டுத்தான் எழுதுவீங்கன்னா எழுதவே வேணாம். நான் ஓட்டுப் போட்டது மத்தவங்க வாயை அடைக்கறதுக்கு இல்லைங்க. இவர் போகாதது தப்பு. பெரிய தப்பு. அதை வீட்ல வெச்சு நான் கேட்டுக்கறேன், நீங்க கேக்க வேணாம். எங்க அண்ணிக்கு இங்க ஓட்டே இல்ல. அவங்க கைதான் வெந்துபோயிருக்கு. அவங்க யார்கிட்ட போய்ச் சொல்லுவாங்க? போட்டவங்களுக்கு மட்டும்தான் நீங்க ஆளுன்னா, போடாதவங்களுக்கு யாரு இருக்காங்க, அந்த ஆளையும் காட்டுங்க, அங்கயும் போய்க் கேக்கறோம்."

இவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. அக்காவும் கேட்டதில்லை போலிருக்கிறது, வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு என்ன ஆயிற்றோ, எழுந்து பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தேன். "நானும் போடலைங்க. தூங்கிட்டேன்." யாரும் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் தையற்காரர் எழுந்தார். முட்டைக் கடைக்காரர், அவர் தம்பி, மூலைவீட்டு நான்கு பேர், பள்ளிக்கூட வாத்தியாரம்மா. ஒவ்வொரு நாற்காலியாகச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

டயர்க் கடைக்காரர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். நாற்பதைத் தாண்டியதும் நிறுத்திவிட்டார். முகம் ஒரு மாதிரி ஆகி, பிறகு தானே சிரித்துவிட்டார். "நல்லவேளை அன்னிக்கு நீங்க யாரும் வரல" என்றார்.

சிரித்தோம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தச் சிரிப்பு சுட்டது. முப்பத்தோரு ஓட்டு.

"எழுதுப்பா" என்றார் அவர், நாற்காலியில் உட்கார்ந்து. "அந்தம்மா பேர்ல எழுது."

முழுசாகக் கிடைக்கவில்லை. புதுக் குடியிருப்புக்காரர்களும் மனிதர்கள்தானே, அவர்களும் கூட்டத்துக்கு வந்தார்கள், கத்தினார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் காலைத் தண்ணீர் என்று முடிவாயிற்று. நர்சம்மா முகத்தைச் சுளித்தாலும், அந்த நாட்களுக்குத் தக்கபடி மூட்டையை அனுப்ப ஒப்புக்கொண்டார். அக்கா சின்னவன் வீட்டைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

முதல் காலைத் தண்ணீர் வந்த அன்று குழாய்ச் சத்தத்தில் விழித்துக் கீழே போனேன். விடிந்துகொண்டிருந்தது. தொட்டி நிரம்புகிறவரை மனைவி மோடாவில் உட்கார்ந்திருந்தாள். கடைக்காரர் குறி மைப் புட்டியைத் திறந்து, குச்சியைத் தோய்த்துக்கொண்டு அவள் முன்னால் போய்க் குந்தினார்.

"கையைக் காட்டு."

"எதுக்கு?"

"இருந்த இடத்துல வெச்சு விடறேன். இன்னிக்கு வெள்ளையை நான் அலசறேன்."

அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "நீங்க வெச்சா அது வெறும் மை. அன்னிக்கு இருந்தது நான் போய் நின்னு வாங்கினது. வேணும்னா அடுத்த தடவை நீங்க போய் உங்க விரல்ல வாங்கிட்டு வாங்க."

"சரி, போறேன்" என்றார்.

"போய்? இந்த விரல்ல அவங்க எங்க வைப்பாங்க? ஏற்கெனவே போட்டுட்டு வந்திருக்கான்னு துரத்தி விட்டுடுவாங்க" என்றாள் அக்கா, இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றிக்கொண்டே.

கடைக்காரர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து போய் அலமாரியிலிருந்து அந்தச் சின்ன பாட்டிலை எடுத்துவந்து, வாசல்படியில் உட்கார்ந்து, பஞ்சை நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். பத்து நிமிஷம் தேய்த்தார். பஞ்சு லேசாகக் கறுத்தது. விரல் அப்படியே இருந்தது.

"அடுத்த தேர்தலுக்கு இன்னும் அஞ்சு வருஷம் இருக்கே" என்றேன் நான்.

"தெரியும் மாடி சார்" என்றார், தலை நிமிராமல். "இப்பவே ஆரம்பிச்சாத்தான் அதுக்குள்ள போகும்."

மனைவி எழுந்து தொட்டிப் பக்கம் போனாள். போகிற வழியில் குனிந்து, அவர் மடியில் ஒரு புதுப் பஞ்சுச் சுருளைப் போட்டுவிட்டுப் போனாள்.